பறங்கிப்பேட்டை: பெயரும் குடிகளும்

கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடைப்பட்ட கடற்கரையில், வெள்ளாறு கடலொடு கலக்குமிடத்தின் வடகரையில் அமைந்த பறங்கிப்பேட்டை பல பெயர் பூண்ட ஊராகும். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர் இத்துறையில் புதுநகர் ஒன்று எடுப்பித்துத் தம் பெயரால் கிருஷ்ணபட்டினம் என வழங்கச் செய்தார். அந்நாளில் இப்பகுதியில் பயணஞ்செய்த பிமெந்தா என்னும் இயேசு சபைத் துறவியின் கடிதங்களால் இச்செய்தி தெரியவருகிறது. போர்த்துகேசிய மாலுமிகள் இதனைப் 'புதுத்துறை' எனப் பொருள்படும் போர்ட்டோ நோவோ என்றனர். பாரசீக மொழியில் எழுதிய அலுவலர்கள் மஹ்மூதுபந்தர் என்றனர். மன்னன் இட்ட பெயர் மறைந்தது. அலுவலர் பெயர் ஏட்டளவில் நின்றது. மக்கள் நாவில் நிலைத்தது பறங்கிப்பேட்டை என்பதே.

இப்பெயரைக் கொண்டு இவ்வூர் பறங்கியரால் ஆக்கப்பட்டது எனக் கொள்வார் பலர். அக்கொள்கை ஆராய்ச்சிக்குப் பொருந்துமா என்பதே ஈண்டு நாம் காணப்புகுவது.

பேட்டை என்னும் சொல் முதற்கண் நோக்கத்தக்கது. சோழர் காலக் கல்வெட்டுகளில் வணிகரின் இருப்பிடங்கள் நகரம், பட்டினம், புரம், பெருந்தெரு என்னும் சொற்களாலேயே பெரிதும் குறிக்கப்பெறுகின்றன. பேட்டை பெருவழக்காவது விசயநகர, நாயக்கர் காலங்களிலாம். ஊரையடுத்துச் சரக்கு வந்திறங்கும் இடமும், அச்சரக்கொடு வந்தோர் தங்கிக் கடை வைக்கும் புறநகரும் பேட்டை எனப்பட்டன. ஆகவே 'வந்தவர் இருக்கை' என்னும் கருத்து இச்சொல்லிலேயே அடங்கியுள்ளது எனலாம். அங்ஙனம் வந்தோருள் பறங்கியர் எத்துணைப் பங்கினர்?

போர்த்துகேசிய அரசின் கோட்டையோ ஆட்சியோ இங்கு அமைந்ததில்லை. இங்குக் குடியேறியோர் தம் பொருட்டுத் தாமே வாணிகம் செய்த தனியாட்களும் அவர்தம் குடும்பத்தினருமேயாவர். 1658இல் நாகப்பட்டினம் டச்சுக்காரர் கைப்பட்டபோது அங்கிருந்து வெளியேறிய போர்த்துகேசியர் சிலரும் இவர்களொடு சேர்ந்தனர். தொகையால் இவர்கள் சிறுபான்மையினரே. வாணிகத்தின் பெரும்பாரத்தைத் தாங்கினோர் பிறர்.

அவருள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் மரக்காயர். இப்பெயரை மரக்கலத்தொடு இயைப்பாரும், அரபுச் சொல்லினின்று பெறுவாரும் உளர். அவ்வழக்கை இங்கு முடித்தல் வேண்டுவதின்று. அச்சே, கடாரம், மலாக்கா ஆகிய துறைகளுக்குத் துணி ஏற்றிச் சென்று, மிளகும் தகரமும் பிறவும் கொண்டு மீண்ட தமிழ் முசுலிம் கப்பலோட்டிகளின் தலைமைத் துறைகளுள் இஃது ஒன்றாயிருந்தது. அடுத்து, தெலுங்கு நாட்டுத் தொடர்புடைய பலிசைச் செட்டிகளும் கோமுட்டிகளும். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் டச்சுக் குழுமத்தார்க்குத் துணி வாங்கித் தந்து தேவனாம்பட்டினத்தில் பேரளவில் வாணிகம் நடத்திய சின்னண்ண செட்டி இவ்வகையினர். கைக்கோளர், சாலியர், தேவாங்கர் முதலிய நெசவுக்குடிகள் உள்நாட்டில் இருந்தனர். சாயமிடுவோரும் வெளுப்போரும் துறையை அடுத்திருந்தனர். புவனகிரி போன்ற ஊர்களின் தறிகள் இன்றேல் வெள்ளாற்றின் கழிமுகத்தில் கப்பலுக்கு வேலையே இராது.

இப்பேட்டையின் சரக்கு துணி மட்டும் அன்று என்பதனையும் மறைத்தல் தகாது. பஞ்சக் காலங்களில் இக்கரைத் துறைகளினின்று மக்களும் அடிமைகளாக ஏற்றப்பெற்றனர். செஞ்சியைக் கைக்கொண்ட சிவாசி 1677இல் டச்சுக்காரர்க்கு அளித்த கௌலில் அடிமை வாணிகத்தைத் தடைசெய்தார். தடைசெய்ய வேண்டிய அளவிற்கு அவ்வாணிகம் நடந்தது என்பது அதனாற் பெறப்படும். துறைமுகப் பெருமை பேசும் கட்டுரைகள் இதனை எளிதிற் கடந்து செல்கின்றன.

எனின், சிறுபான்மையினர் பெயர் ஊர்க்குப் பெயரானது எங்ஙனம்? விடை 'பறங்கி' என்னும் சொல்லின் பிற வழக்குகளிலேயே உள்ளது. பறங்கிக்காய், பறங்கிமலை, பறங்கிப்புண் என்னும் தொடர்களை நோக்குக. கடல்கடந்து புதிதாய் வந்த காய்க்கும் நோய்க்கும் அச்சொல்லை அடையாக்கினர் தமிழர். பெயரிடுவோன் தனக்குப் பழகியதைக் குறிப்பதில்லை. கண்ணிற்குப் புதிதாய்ப் பட்டதையே குறிக்கின்றான். மரக்காயரும் செட்டிகளும் பழகிய முகத்தினர். தொப்பியும் காற்சட்டையும் அணிந்தோரே புதியவர். ஆகவே ஊர்ப்பெயர் வேற்றுமையைச் சுட்டுவதேயன்றிப் பங்கினை அளப்பதன்று என்பது நம் துணிபு.

பழைய வழக்கும் இதற்கு அரண் செய்யும். யவனர் என்பதற்குச் சோனகர் எனப் பழைய உரையாசிரியர் பொருள் உரைப்பர். கிரேக்க, உரோமரைக் குறித்த பெயர் பின்னர் அரபு நாட்டார்க்கும், அதன்பின் தமிழ் முசுலிம்கட்கும் உரியதாயிற்று. ஆள் மாறினும் 'அயலார்' என்னும் கருத்து மாறாது நின்றமை காண்க.

இந்நெறி கடலுக்கு அப்பாலும் செல்லும். 1786இல் ஆங்கிலேயர் பினாங்கில் சார்ச்சு நகரை அமைத்தபோது, அங்குச் சென்று கடைவைத்த தமிழ் முசுலிம்களின் தெரு சூலியா தெரு எனப் பெயர் பெற்றது. அப்பெயர் இன்றும் வழங்குகிறது, சிங்கப்பூரிலும் அவ்வாறே. இங்கே பறங்கியனைப் பறங்கி என்றவன் அங்கே தானே பறங்கியானான்! அவன் கொண்டு சென்ற கடையும் கப்பலும் பெட்டியும் மலாய் மொழியில் கெடாய், காப்பால், பெத்தி என வழங்குகின்றன. நகரத்தார் தொழில்மனைகள் அங்குக் கிட்டங்கி எனப் பெயர் பெற்றன.

பேட்டையின் வீழ்ச்சியைச் சுருங்கக் கூறலாம். 1690இல் ஆங்கிலக் குழுமம் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் தேவனாம்பட்டினக் கோட்டையை வாங்கிற்று. கோட்டையினின்று சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த எல்லைவரை உள்ள ஊர்கள் அதனைச் சேர்ந்தன; அவை குண்டு கிராமங்கள் எனப்பட்டன. வணிகரும் நெசவாளரும் கடலூர்ப் பக்கம் ஈர்க்கப்பட்டனர். 1780இல் ஐதரின் படை பறங்கிப்பேட்டையைச் சூறையாடிற்று. மறு ஆண்டு சூலை முதல் நாள் இவ்வூர்ப்புறத்தே அயர் கூட்டின் படையொடு ஐதர் பொருதார். அதன்பின், ஆலைத்துணி இறக்குமதியால் தறிகள் நலிந்தன. 1830இல் ஹீத்து என்பார் சேலத்து இரும்புக் கனியம் கொண்டு தொடங்கிய உருக்காலையும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. இன்று அயலூர் மாணவரை இவ்வூர்க்கு அழைத்து வருவது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையமேயாகும்.

கடலூர் முதுநகரிலும் இதே ஆய்வு நிகழ்தல் வேண்டும். அங்கே கிளைவு, வெல்லிங்டன் முதலியோர் பெயர் தாங்கிய தெருக்கள் உண்டு. அத்தெருக்களிற் கடை வைத்திருந்தோர் யாவர் என்பதனைத் தெருப்பலகை கூறாது. அதனைக் கூறவல்லவை பழைய கிரயப் பத்திரங்கள். ஒரு மனையை விற்போர் அதன் நான்கெல்லையை எழுதுங்கால் அண்டைவீட்டான் பெயர், குலம், தொழில், கிட்டங்கி, பள்ளிவாசல், மடம் ஆகியவற்றைக் குறித்துச் செல்வர். பெயரிட்டோன் விட்டுவிட்ட குடிகளை அண்டைவீட்டான் எழுதி வைத்துள்ளான். நில அளவை எண் முதன்மை பெற்றபின் இக்குறிப்புகளின் பயன் குறைந்தது. பழைய வீடுகள் இடிக்கப்படும்போது பத்திரக் கட்டுகளும் உடன் அழிகின்றன. முதுகலை மாணவர் ஒருவர் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, உரியவர் இசைவு பெற்று, அவற்றைப் படியெடுப்பாராயின், இக்கட்டுரையில் நாம் பெயரின் வழியே ஊகித்தவற்றைத் திருத்தவும் இடம் உண்டாகும்.