மூன்று கேமராக்களும் ஒரு பிரசவமும்

1953 ஜனவரி 19, திங்கட்கிழமை காலை. ஹாலிவுட் நடிகை லூசில் பாலுக்கு அறுவை சிகிச்சையில் ஆண் குழந்தை பிறந்தது. அன்றிரவே ‘ஐ லவ் லூசி’ தொலைக்காட்சித் தொடரில் அவர் நடித்த லூசி ரிக்கார்டோவுக்கும் ஆண் குழந்தை பிறந்தது. அதைப் பார்த்தவர்கள் சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர். மறுநாள் ஐசன்ஹோவர் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றதைக்கூட அத்தனை பேர் பார்க்கவில்லை.

அறுவை சிகிச்சை நாள் முன்பே முடிவாகியிருந்ததால், 1952 நவம்பரிலேயே எடுத்துவைத்த அத்தியாயத்தை அன்று ஒளிபரப்ப முடிந்தது. பெண்ணா, ஆணா என்பதில் மட்டும் கதாசிரியர்கள் துணிந்து ஊகித்தார்கள், பலித்துவிட்டது. கர்ப்பத்தைச் சிரிப்புக் கதையில் சொல்லலாமா என்ற தயக்கம் அப்போது பலமாக இருந்தது. கத்தோலிக்கப் பாதிரியார், புராட்டஸ்டண்ட் போதகர், யூத குரு மூவரிடமும் வசனப் பிரதியைக் காட்டி ஒப்புதல் பெற்றார்கள்.

இந்தத் தொடர் படமான விதம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். 1951இல் பெரும்பாலான நகைச்சுவைத் தொடர்கள் நியூயார்க்கிலிருந்து நேரலையாகப் போயின. தூரத்து ஊர்களுக்குக் கிடைத்தது, டி.வி. திரையையே படம்பிடித்த மங்கலான பிரதி. லூசிலும் கணவர் டேசி அர்னாஸும் ஹாலிவுட்டை விட்டுப் போக மறுத்தார்கள். 35 மி.மீ. படச்சுருளில், பார்வையாளர்கள் முன்னிலையில் எடுப்பது என்று முடிவானது. செலவு கூடியது. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, படச்சுருள்களின் உரிமையை இருவரும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சினிமாவில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்குகளை மாற்றி வைப்பார்கள். எதிரே முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும்போது அதெல்லாம் நடக்காது. நிறுத்தி நிறுத்தி எடுத்தால் சிரிப்பு செத்துவிடும். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தானே நடிகர் அடுத்த வசனத்துக்கு மூச்செடுக்கிறார்! ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில் பணியாற்றிய ஜெர்மன் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட் இதற்கு வழி கண்டார். விளக்குகளை மேலே கட்டி, அரங்கம் முழுவதும் ஒரே சீராக ஒளி விழச் செய்தார். சக்கர வண்டிகளில் மூன்று கேமராக்கள் ஒரே சமயத்தில் ஓடின. நடுவில் இருந்தது முழு அரங்கத்தையும் எடுத்தது. பக்கத்துக் கேமராக்கள் முகங்களை எடுத்தன. மூன்று சுருள்களையும் ஒலியோடு சேர்த்து ஓட்டிப் பார்க்க எடிட்டருக்குத் தனி இயந்திரமே செய்தார்கள். ‘மூன்று தலை அசுரன்’ என்பது அதன் செல்லப் பெயர்.

இந்த ஏற்பாட்டின் அருமை, லூசி தாயாகப்போவதைக் கணவன் அறியும் காட்சியில் தெரிகிறது. அதில் நடித்த நிஜத் தம்பதிக்கு மணமானது 1940இல். முதல் குழந்தைக்கு முன் கருச்சிதைவுகளின் வேதனையை அனுபவித்தவர்கள். நடிக்கும்போது இருவர் கண்ணிலும் நீர் திரண்டுவிட்டது. சிரிப்புத் தொடரில் அழுகையா என்று யோசித்தாலும், கடைசியில் அந்தக் கண்ணீரோடுதான் அத்தியாயம் ஒளிபரப்பானது. அது சரியான முடிவு. வேறு எப்படி எடுத்திருந்தாலும் அந்தக் கணம் கிடைத்திருக்காது.

பிரசவ ஓய்வுக் காலத்தில் பழைய அத்தியாயங்களுக்குப் புது முன்கதை சேர்த்து மீண்டும் ஒளிபரப்பினார்கள். நேரலையாகப் போயிருந்தால் அதற்கு வழியே இருந்திருக்காது. தம்பதியிடமிருந்த அந்தச் சுருள்களின் உரிமையைப் பின்னாளில் சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனம் பல லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது.