விளையாட்டு மைதானமும் விலைபோகும் பெயரும்

ஒரு தேசத்து ஜனங்களுக்குச் சொந்தமான பொருள்களிலே, கண்ணுக்குப் புலப்படாததும் கணக்குப் புத்தகத்தில் ஏறாததுமான பொருள் ஒன்று உண்டு. அது இடத்தின் பெயர். நிலத்திற்குப் பட்டா உண்டு. கட்டடத்திற்கு வரி உண்டு. பெயருக்கோ பட்டாவுமில்லை, வரியுமில்லை. ஆதலின் அதை விற்றால் எவருக்கும் நஷ்டமில்லை என்று எண்ணுவோர் இக்காலத்தில் பெருகி வருகின்றனர். பழமையும் புகழும் வாய்ந்த விளையாட்டு மைதானங்களின் பெயரை, இத்தனை ஆண்டுக்கு இத்தனை கோடி என்று விலை பேசி வியாபாரக் கம்பெனிகளுக்கு விடும் வழக்கம் மேனாடுகளில் வேரூன்றி, நமது தேசத்திலும் தலைகாட்டியிருக்கிறது. இதைப் பற்றி நமது அபிப்பிராயத்தை ஒளிவு மறைவின்றி எடுத்துச் சொல்வது நமது கடமையாகும்.

இவ்விஷயத்தைப் பேசுவதற்குப் பாஞ்சாலங்குறிச்சியைக் காட்டிலும் தகுந்த இடம் கிடையாது. பெயரை இழப்பது இன்னதென்று அனுபவித்தறிந்த மண் அது. 1799-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் கம்பெனிப் படை அக்கோட்டையைத் தாக்கியது. அவ்வருஷம் அக்டோபர் 16-ந் தேதி வீரபாண்டியக் கட்டபொம்மன் கயத்தாற்றிலே தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்றும் தப்பிய ஊமைத்துரை, சில தினங்களுக்குள்ளாகவே அம்மண்கோட்டையை மறுபடியும் எழுப்பி நிறுத்தினார். மே மாதம் 24-ந் தேதி அதுவும் வீழ்ந்தது. அதன்பின் கம்பெனியார் கோட்டையை இடித்ததோடு திருப்தியடையவில்லை. அந்நிலத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள். ஊரின் பெயரையே தங்கள் கணக்குகளிலிருந்து நீக்கினார்கள். பீரங்கிகளுக்கு அஞ்சாதவர்கள் ஒரு பெயருக்கு அஞ்சியதேன்? மண்ணால் கட்டியதை மண்ணோடு மண்ணாக்கலாம். பெயர் இருக்குமட்டும் அதைச் சொல்லி ஜனங்கள் மறுபடியும் கூடுவார்கள் என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். அவ்வாறு செய்தது முடிசூடிய மன்னனொருவனுமல்ல. லண்டன் மாநகரில் பங்குதாரர் கூட்டம் நடத்தி லாபத்தைப் பங்கிட்டுக்கொண்ட ஒரு வியாபாரக் கம்பெனி என்பதை நாம் மறக்கலாகாது.

கம்பெனி ஒழிந்தது, பெயர் ஒழியவில்லை. கரிசல் காட்டு ஜனங்கள் கதையிலும் கூத்திலும் அதைக் காத்து வைத்திருந்தார்கள். 1974-ம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சர்க்கார் அவ்விடத்திலே நினைவுக் கோட்டை எழுப்பியபோது, அதற்குப் புதிதாகப் பெயர் தேட வேண்டிய அவசியம் நேரவில்லை.

அக்காலத்துக் கம்பெனியோடு இக்காலத்துக் கம்பெனிகளை ஒப்பிடுவது நியாயமா என்று சிலர் கேட்கக்கூடும். முழுதும் ஒப்பிடுவதற்கில்லை என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். அது பீரங்கியோடு வந்தது. இவை பணப்பையோடு வருகின்றன. அது பறித்தது, இவை விலை கொடுக்கின்றன. ஆனால் பறித்தவனிடம் கோபம் கொள்ளலாம். தானே விற்றவன் யாரிடம் கோபம் கொள்வது? பெயர் விற்பனையில் உள்ள அபாயம் இதுவேயாகும்.

இது தமிழ்நாட்டிற்குப் புதிய வழக்குமன்று. திருச்சி ஜில்லாவில் கல்லக்குடியிலே சிமெண்டுத் தொழிற்சாலை ஏற்பட்ட பின், அங்குள்ள ரயில்வே ஸ்டேஷனுக்கு முதலாளியின் பெயரால் டால்மியாபுரம் என்று பெயரிடப்பட்டது. தொழிற்சாலை வந்ததால் வேலை கிடைத்தது. அதை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் 1953 ஜூலையில் பழைய பெயரைக் கேட்டுப் பெருங்கிளர்ச்சி எழுந்தது. மு. கருணாநிதியும் அவருடைய தோழர்களும் தண்டவாளத்தில் படுத்து மறியல் செய்து சிறை புகுந்தனர். துப்பாக்கிப் பிரயோகம் நடந்து உயிர்களும் பலியாயின. இன்று அந்த ஸ்டேஷன் கல்லக்குடி பழங்காநத்தம் என்றே வழங்குகிறது. கட்சி பேதங்கள் எவ்வாறிருப்பினும், கூலி கொடுத்த காரணத்தால் ஊர்ப்பெயர் முதலாளிக்குச் சொந்தமாகிவிடாது என்ற நியாயம் அங்கே நிலைநாட்டப்பட்டது.

இனி மைதானங்களின் கதைக்கு வருவோம். புனா நகருக்கு அருகே கஹுஞ்சேயில் மகாராஷ்டிரக் கிரிக்கெட் சங்கத்தார் கட்டிய மைதானம் 2012-ல் திறக்கப்பட்டது. சஹாரா கம்பெனியார் சுமார் 200 கோடி ரூபாய் தருவதாகப் பேசித் தங்கள் தலைவர் சுப்ரதா ராயின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் அதற்குச் சூட்டினார்கள். பேசிய பணம் முழுமையும் வந்து சேரவில்லை. 2013-ல் சங்கத்தாரே அப்பெயரை மூடி மறைக்கும்படி நேர்ந்தது. ஆமதாபாத்தில் சர்தார் பட்டேலின் பெயரால் விளங்கிய கிரிக்கெட் மைதானம் புதுப்பித்துக் கட்டப்பெற்று 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டபோது, மைதானத்திற்குப் பதவியிலிருந்த பிரதம மந்திரியின் பெயர் இடப்பட்டது. பந்து வீசும் இரு முனைகளும் அதானி, ரிலையன்ஸ் என்னும் இரு பெருங்கம்பெனிகளின் பெயரால் அழைக்கப்பட்டன. சர்தாரின் பெயர் சுற்றியுள்ள விளையாட்டு வளாகத்திற்கு ஒதுங்கியது.

மேனாடுகளின் அனுபவத்தையும் பார்ப்போம். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்துப் பந்தாட்ட மைதானத்திற்கு என்ரான் கம்பெனி, 30 வருஷத்திற்கு 10 கோடி டாலர் என்று பேசி 1999-ல் தன் பெயரைப் பெற்றது. 2001 டிசம்பரில் அக்கம்பெனி மோசடியில் மூழ்கித் திவாலாயிற்று. மைதானத்தில் ஆடும் சங்கத்தார் 2002-ல் சுமார் 21 லட்சம் டாலர் கொடுத்து அப்பெயரை நீக்கிக்கொண்டார்கள். மியாமி நகரத்து அரங்கிற்கு 2021-ல் தன் பெயரைச் சூட்டிய எஃப்.டி.எக்ஸ். என்னும் கிரிப்டோ நாணயக் கம்பெனி, மறுவருஷம் நவம்பரிலேயே திவாலாகியது.

இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்துக் கால்பந்துச் சங்கம் 1892 முதல் ஆடிவரும் மைதானம் செயிண்ட் ஜேம்ஸ் பார்க். 2011 நவம்பரில் அச்சங்கத்தின் சொந்தக்காரர் தமது கடைகளின் பெயரை அதற்கு வைத்தார். அபிமானிகளின் மனம் கொதித்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் வோங்கா என்னும் வட்டிக்கடைக் கம்பெனி அவ்வுரிமையை வாங்கி, பழைய பெயரையே திரும்பச் சூட்டிற்று. ஜனங்களுக்குச் சொந்தமாயிருந்த பெயர், வட்டிக்கடைக்காரர் தயவால் அவர்களுக்கே தானமாக வழங்கப்பட்டது! பெயரை விற்றவர் அதைத் திரும்பப் பெறும்போதும் பிறருக்குக் கடமைப்பட்டே பெற வேண்டியிருக்கிறது. ஸான் பிரான்சிஸ்கோ நகர ஜனங்களோ வேறு வழியைக் கைக்கொண்டனர். கேண்டில்ஸ்டிக் பார்க் என்னும் நகர மைதானத்தின் பெயர் இரண்டு முறை கம்பெனிகளிடம் கைமாறியதைக் கண்டு, 2004 நவம்பரில் வோட்டுப் போட்டு, ஒப்பந்தம் முடிந்ததும் பழைய பெயரே நிலைக்க வேண்டுமென்று தீர்மானித்தார்கள்.

விற்கப்படுவது சுவரில் எழுதும் சில எழுத்துக்கள் என்று எண்ணுவது தவறு. சுவரில் எழுதினால் அது வெறும் விளம்பரம். அதற்கு விலை சொற்பம். கோடிகள் கொடுப்பது ஜனங்களின் நாவுக்காகவே. தகப்பன் மகனிடம் ஆட்டத்தின் கதையைச் சொல்லும்போதும், பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போதும், நம் போன்ற பத்திரிகைகள் செய்தி வெளியிடும்போதும், கூலியின்றிக் கம்பெனியின் பெயரை உச்சரிக்க வேண்டும் என்பதே அவ்வியாபாரத்தின் சூக்ஷ்மம். லக்ஷக்கணக்கான ஜனங்களின் நாவைச் சில நிர்வாகஸ்தர்கள் கூடி ஏலம் போடுவதற்கு அவர்களுக்கு அதிகாரம் அளித்தவர் யார்?

பெயர் ஊரின் பொதுச்சொத்து என்பது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பொருள் என்ன? கோவில்பட்டி என்னும் பெயரில் அடங்கிய மதிப்பு அவ்வூரில் பாகு காய்ச்சிக் கடலை கலந்த தலைமுறைகளின் உழைப்பால் விளைந்தது. அதை வேற்றூர் முதலாளி ஒருவர் எடுத்தாள முடியாது என்பதன்றோ? மிட்டாய்க்குள்ள நியாயம் மைதானத்திற்கு இல்லாமற் போகுமா?

இனி எதிர்க்கட்சியாரின் வாதத்தையும் நேர்மையாக ஆராய்வோம். மைதானத்தைப் பராமரிக்கப் பணம் வேண்டும் என்கிறார்கள், அது மெய்யே. கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊர். அங்கே வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல் 2022-ல் ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய அணியில் இடம்பெற்றார். இன்றைய ஹாக்கி செயற்கைப் புல்தரையில் ஆடப்படுவது. அத்தரையை அமைக்கக் கோடிகள் வேண்டும். சில ஆண்டுகள் சென்றபின் பெயர்த்தெடுத்துப் புதிதாக விரிக்கவும் வேண்டும். ஆடுமுன் தண்ணீர் தெளித்து நனைக்கவும் வேண்டும். வானம் பார்த்த கரிசல் பூமியில் தண்ணீருக்கு ஆகும் செலவு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அழகான பெயரும் கிழிந்த தரையுமாக ஒரு மைதானம் இருப்பதைக் காட்டிலும், கம்பெனிப் பெயரும் நல்ல தரையுமாக இருப்பது மேலல்லவா என்று ஒரு பிள்ளையின் தகப்பனார் கேட்டால், அவரை நாம் பழிக்கமாட்டோம்.

ஆனால் அக்கேள்விக்கு விடை அவ்விரண்டில் ஒன்றைத் தேர்வதன்று. கம்பெனி தருவது குறிப்பிட்ட சில வருஷங்களுக்கான வாடகை. பெயருக்கு ஏற்படும் சேதமோ நிரந்தரம். ஒருமுறை விற்ற பெயர் மறுமுறை வேறொருவருக்கு விலைபோகும். பத்து வருஷத்தில் மூன்று பெயர் பூண்ட மைதானத்தில் எந்தப் பெயரும் ஒட்டாது. ஒட்டாத பெயருக்கு வாங்குவோரும் விலை குறைப்பர். ஆகவே வியாபாரக் கணக்கிலும் இது முதலையே தின்று தீர்க்கும் வழியாகும். மேலும், கம்பெனி கெட்டால் அதன் அவமானமும் மைதானத்தின் தலையிலே விழும் என்பதற்கு ஹூஸ்டனும் புனாவும் சாக்ஷி.

பணம் திரட்டும் வழியைக் கற்க நாம் கடல் கடந்து போக வேண்டுவதில்லை. பாஞ்சாலங்குறிச்சிக்கு அருகேயுள்ள ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியபோது, பத்து லக்ஷ ரூபாய் மூலதனத்தை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தார். சாமானியனும் பங்கு கொள்ளலாம் என்பதே அதன் கருத்து. அவர் கம்பெனிக்குத் தம் பெயரை இடவில்லை. சுதேசி என்று தேசத்தின் பெயரை இட்டார். தம் செல்வத்தையும் சுகத்தையும் இழந்து செக்கிழுத்தார். அவர் கேளாமலே அவர் பெயரைத் தேசம் தூத்துக்குடித் துறைமுகத்திற்கும் பாளையங்கோட்டை மைதானத்திற்கும் சூட்டியது. பெயர் சேரும் வழி இரண்டு: ஒன்று நன்றி, மற்றொன்று விலை. நன்றியால் வந்த பெயருக்குத் தவணை கிடையாது. விலையால் வந்த பெயர் தவணை தீர்ந்ததும் உதிர்ந்துவிடும்.

கம்பெனிகளின் பணத்தை அறவே தொடக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. அப்பணத்தை வாங்குவதற்குச் சில நிபந்தனைகளை விதிக்க வேண்டும் என்றே கூறுகிறோம். முதலாவது, சரித்திரப் புகழ் வாய்ந்த மைதானத்தின் பெயரும், தேசத்திற்கு உழைத்தவர் பெயரும் எந்த விலைக்கும் கொடுபடலாகாது. இரண்டாவது, புதிதாக எழுப்பும் பார்வையாளர் மண்டபம், ஆட்டக்காரர் விடுதி, மின்விளக்கு முதலியவற்றில் உதவியவர் பெயரைக் கல்லில் பொறிக்கலாம். அதற்கும் கால வரையறை வேண்டும். மூன்றாவது, தொகை முன்கூட்டியே கைக்கு வந்து, தனிக் கணக்கில் வைக்கப்பட்டு, அம்மைதானத்திற்கே செலவாக வேண்டும். நான்காவது, ஒப்பந்தம் முழுவதும் ஜனங்களின் பார்வைக்கு வைக்கப்பட்டு, நகரசபையிலே பகிரங்கமாக விவாதிக்கப்பட வேண்டும். ஐந்தாவது, எவர் பணம் தந்தாலும், ஏழைப் பிள்ளைகள் காசின்றி ஆடும் நேரம் ஒரு நாழிகையும் குறையலாகாது. இவற்றுக்கு இணங்கும் கம்பெனியை நாம் மாலையிட்டு வரவேற்போம். இணங்காத கம்பெனிக்கு வேண்டியது மைதானத்தின் நலமன்று, நமது நாவே என்பது வெளியாகிவிடும்.

தேசபக்தர்களே! உங்கள் ஊர் மைதானத்தின் பெயர் எந்தக் கணக்கில், யார் பொறுப்பில் இருக்கிறது என்று விசாரியுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பின் கூக்குரலிடுவதில் பயனில்லை. கையெழுத்தாகுமுன் நகரசபையில் ஒரு தீர்மானம் நிறைவேற்றச் செய்யுங்கள். தரைக்குப் பணம் போதாதென்றால் ஊர் கூடிச் சந்தா திரட்டுங்கள். சர்க்காரிடம் வரிப்பணத்தின் பங்கை உரிமையோடு கேளுங்கள். ஆமணக்கு விதைத்தும் அழிக்க முடியாத பெயரைக் காத்த மண்ணிலே, காசு விதைத்து ஒரு பெயரை அழித்தார்கள் என்ற சொல் வராதிருக்கட்டும்.