எரிவாயு ஜெனரேட்டர் வாங்குமுன் சங்கங்கள் கவனிக்க வேண்டியவை

2012ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதை நெசவாளர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அக்காலத்தில் டீசல் ஜெனரேட்டர் வாங்கிய சங்கங்களிற் சில, அவை தேய்ந்துபோன இந்நாளில், இயற்கை எரிவாயுவினால் ஓடும் ஜெனரேட்டரை வாங்கலாமா என்று நம்மை வினவுகின்றன. கடுங்குளிரில் திரவமாக்கிய இயற்கை எரிவாயு 2019 முதல் எண்ணூரில் கப்பல்வழி வந்திறங்குவதும், சில நகரங்களில் தெருவோரம் குழாய் பதிக்கப்படுவதும் இவ்விசாரணைக்குக் காரணம். “எந்தக் கம்பெனியின் யந்திரத்தை நம்பலாம்?” என்பதே எல்லோரும் முதலிற் கேட்கும் கேள்வி. அதைக் கடைசியிற் கேட்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். நம்முடைய பிழை ஒன்றினால் இதைக் கற்றோம்.

முப்பது விசைத்தறிகளும் தார் சுற்றும் யந்திரங்களும் உடைய ஒரு சங்கம் 62.5 கே.வி.ஏ. எரிவாயு ஜெனரேட்டர் ஒன்றை வாங்கிற்று. நிறுவிய மறுவாரமே தொல்லை. நாளில் இருமுறை, மும்முறை விளக்குகள் மங்கும்; யந்திரம் திணறி நின்றுவிடும்; தறிகள் எல்லாம் ஒருங்கே நின்று பாவிழைகள் அறும். அறுந்த இழையை முடியும் நேரத்துக்குக் கூலி ஏது? மூன்று மாதங்களில் அங்கத்தினர் சிலர் வெளித் தறிக்கூடங்களுக்குக் கூலிக்குப் போகத் தலைப்பட்டனர். ஆய்வுக்குச் சென்ற நாம், யந்திரம் பழுதானது, திருப்பி அனுப்புக என்று அறிக்கை எழுதினோம். கையொப்பமிடும் வேளையில், வாசலில் நின்ற முதிய நெசவாளர் ஒருவர், “ஐயா, சாயப்பட்டறைக் கிணற்று மோட்டாரைப் போடும்போதுதான் இது நிற்கிறது” என்றார். அதை எவரும் குறித்து வைத்திருக்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். தறிகளும் மற்றவையும் இழுத்தது ஏறக்குறைய 25 கிலோவாட். மோட்டார் 15 குதிரைசக்தி, அதாவது சுமார் 11 கிலோவாட். கூட்டினால் 36. ஜெனரேட்டரின் திறனோ 50 கிலோவாட்; கே.வி.ஏ. எண்ணை 0.8ஆற் பெருக்கினால் இது கிடைக்கும். ஆகவே திறன் மிஞ்சியிருப்பதாகக் கமிட்டியார் கருதியதிற் குற்றமில்லை. ஆனால் அந்த மோட்டார், ஓடும்போது 21 ஆம்பியர் அளவே இழுப்பினும், நேரடி ஸ்டார்ட்டரிற் புறப்படும் சில வினாடிகளில் ஆறு மடங்கு, சுமார் 125 ஆம்பியர் இழுக்கும். ஜெனரேட்டர் தரவல்லது 87 ஆம்பியர். அதிற் பாதியைத் தறிகள் முன்னரே எடுத்துக்கொண்டிருந்தன.

டீசல் எஞ்சின் இத்தகைய திடீர்ச் சுமையை ஓரளவு சமாளித்துக்கொள்ளும். எண்ணெய் நேரே சிலிண்டருக்குட் பீச்சப்படுவதால் விசை உடனே கூடுகிறது. எரிவாயு எஞ்சினில் வாயுவும் காற்றும் பெரும்பாலும் வெளியே கலந்து உள்ளே வந்து சேர வேண்டியிருப்பதால், சுமை ஏறியதை அது உணர்ந்து ஈடுகொடுக்கச் சற்றுத் தாமதமாகும். இது யந்திரத்தின் பழுதன்று, அதன் சுபாவம். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் ஒன்றை மாட்டினோம். புறப்படும் ஆம்பியர் மூன்றில் ஒரு பங்காயிற்று. தறிகளை ஓட்டுமுன் மோட்டாரைப் போடுவது என்றும் முறை வகுத்தோம். யந்திரம் அதன்பின் நிற்கவில்லை. நம் அறிக்கையை நாமே கிழித்தோம். இழந்த கூலியை யாராலும் திருப்பித் தர இயலவில்லை.

ஆகவே விலைப்புள்ளி கேட்குமுன், ஒரு வாரமேனும் சுமையை அளந்து எழுத வேண்டும். எந்த மோட்டார் எப்போது புறப்படுகிறது என்பதே அதில் முக்கியம். அச்சத்தினால் இரட்டிப்புத் திறன் வாங்குவதும் தவறு. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓடினால் ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், வாயுச் செலவும் மிகும். நல்ல சுமையில் ஒரு கன மீட்டர் வாயுவுக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் கிடைக்கும். தகட்டிற் பொறித்த திறன் எவ்வகையது என்பதையும் பார்க்க வேண்டும்: மின்தடை நேரத்துக்கு மாத்திரம் குறித்த திறன் வேறு, நாள் முழுதும் ஓடக் குறித்த திறன் வேறு. முன்னதே பெரிய எண்ணாதலால் விற்பனையாளர் அதையே சொல்லுவார். அன்றியும் திறன் பொதுவாக 25 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிடப்படுகிறது. ஈரோட்டுச் சித்திரை வெயிலுக்கு எவ்வளவு குறையும் என்று எழுதி வாங்குக.

இனி வாயு. 50 கிலோவாட் முழுச் சுமைக்கு மணிக்குச் சுமார் 17 கன மீட்டர் வேண்டும். அவ்வளவும் குறையாத அழுத்தத்தில் வரும் என்று வாயுக் கம்பெனியிடம் எழுத்தில் உறுதி பெறாமல் யந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கலாகாது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்திற் கடுங்குளிர் வந்தபோது, வாயுக் கிணறுகள் உறைந்தன. வாயுவை அழுத்தி அனுப்பும் நிலையங்கள் சிலவற்றுக்கு மின்சாரமும் அற்றது. வாயு வராமையால் மின்நிலையங்கள் நின்றன. அதனால் வாயு இன்னும் குறைந்தது. நம் நாட்டிற் குளிர் இல்லை. ஆனால் குழாயை நம்பியிருப்பவர் குழாய்க்கு அப்பால் உள்ளவற்றையும் நம்பியிருக்கிறார் என்பது இங்கும் பொருந்தும். விலையும் அப்படியே. 2022இல் உலகச் சந்தையில் வாயு விலை ஏறியபோது குஜராத்தின் மோர்பி ஓட்டுத் தொழிற்சாலைகள் பல புரொப்பேனுக்கு மாறின. உருளைக்கிழங்கோ மிளகாயோ வைத்துள்ள குளிர்பதனக் கிடங்கு நடத்தும் விவசாயிகள் சங்கம், பழைய டீசல் யந்திரத்தை உடனே விற்றுவிடாமல் துணைக்கு வைத்திருப்பது நலம். குழாய் வராத ஊருக்கு இந்த யந்திரத்தை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம்.

சாயப்பட்டறை உள்ள சங்கத்துக்கு ஒரு தனி லாபம் உண்டு. எரியும் வாயுவின் வெப்பத்தில் மூன்றிலொரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சியதிற் பெரும்பகுதி, எஞ்சினைக் குளிர்விக்கும் 80, 90 டிகிரி நீரிலும் புகையிலும் வெளியேறுகிறது. அதைச் சாயத்தொட்டியின் நீரைச் சூடாக்கப் பயன்படுத்தினால் விறகுச் செலவு கணிசமாகக் குறையும். நாள்தோறும் ஓடும் யந்திரத்துக்கே இது பொருந்தும்.

800 கிலோவாட் வரையிலான புதிய ஜெனரேட்டர்களுக்கு 2023 ஜூலை முதல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் புதிய விதிகள் அமலில் உள்ளன. அதற்குரிய சான்று உண்டா என்று பார்க்க. அறை கட்டுகையில், இயற்கை எரிவாயு காற்றினும் இலேசானது, மேலே எழும் என்பதை மறவற்க. காற்றுப்போக்கியும் வாயுக் கசிவு காட்டும் கருவியும் கூரையருகே இருக்க வேண்டும். சமையல் வாயு தரையிற் படிவதை எண்ணி, அவற்றைக் கீழே வைத்த இடமொன்றை நாம் கண்டதுண்டு.

கம்பெனியைப் பற்றி விசாரிப்பது இதற்கெல்லாம் பிறகே. பிளக்கும் வடிகட்டியும் எத்தனை மணி தூரத்திற் கிடைக்கும், மெக்கானிக் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டால் பாதி தெரிந்துவிடும். விலையிற் பத்தில் ஒரு பங்கை நிறுத்தி வைத்துக்கொண்டு, முழுச் சுமையில் நான்கு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். பின்னர் வழக்கமான சுமையில் மிகப் பெரிய மோட்டாரைப் புறப்படச் செய்து, வோல்ட் எவ்வளவு இறங்கிற்று என்பதை நோட்டில் எழுதி, அதன் கீழ் விற்பனையாளரின் கையொப்பத்தையும் அன்றே வாங்கிவிடுக.