40,000 ரூபாய் ஓவியம் வழியில் உடைஞ்சா, உங்க கைக்கு எவ்வளவு வரும்?

நீங்க தஞ்சாவூர் ஓவியம் செஞ்சு விக்கிறவர்னு வெச்சுக்கோங்க. 40,000 ரூபாய் படம் ஒண்ணை புனேல ஒருத்தர் வாங்குறார். லாரி சர்வீஸ்ல புக் பண்றீங்க, வாடகை 1,800. போய்ச் சேரும்போது கண்ணாடி உடைஞ்சு, சில்லு தங்க ரேக்கைக் கிழிச்சிருக்கு. நஷ்டஈடு எவ்வளவு?

அதிகபட்சம் 18,000. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கான 2007-ம் வருஷச் சட்டமும் 2011-ம் வருஷ விதிகளும் சொல்ற கணக்கு இது: பொதுவா வாடகையைப் போல 10 மடங்கு வரைதான் பொறுப்பு. பில்லில் 40,000-னு எழுதினா மட்டும் போதாது. அதிக ரிஸ்க்குக்கான கூடுதல் கட்டணத்தையும் கட்டியிருக்கணும். ரசீதில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ இல்லாம ‘கேரியர்ஸ் ரிஸ்க்’னு இருக்கான்னு பாருங்க. கூரியர்னா ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிங்க. அங்கே வரம்பு இன்னும் குறைவா இருக்கலாம். கண்ணாடிக்கும் கலைப்பொருளுக்கும் பொறுப்பே இல்லைன்னும் போட்டிருக்கலாம்.

சரி, தனியா ட்ரான்சிட் இன்சூரன்ஸ் எடுத்துட்டா? நல்லதுதான், நானும் அதையே சொல்வேன். ஆனா ‘ஆல் ரிஸ்க்’ பாலிசியிலும் ஒரு விலக்கு உண்டு: பேக்கிங் போதுமானதா இல்லைன்னா க்ளெய்ம் கிடையாது. அதனால பேக்கிங்கை ஒரு செலவா மட்டும் பார்க்காதீங்க. உங்க க்ளெய்முக்கான ஆதாரமே அதுதான்.

தஞ்சாவூர் ஓவியத்தை கேன்வாஸ் மாதிரி சுருட்ட முடியாது. பலகை மேல துணி, அதுக்கு மேல மக்கு வேலை, கல், ரேக்கு. புடைப்பா இருக்கிற இடத்துல அழுத்தம் பட்டாலே உதிரும். வெளியூர் போற படத்துக்கு முதல்லயே கண்ணாடிக்குப் பதிலா அக்ரிலிக் ஷீட் போட்டுடுங்க. கண்ணாடிதான் வேணும்னு வாங்குறவர் சொன்னா, அங்கேயே மாட்டிக்கச் சொல்லுங்க. ஃபிரேம் இல்லாம அனுப்பினா, கிளாசின் பேப்பர் சுத்தி, பலகையின் ஓரங்களை மட்டும் தாங்குற மாதிரி ஆழமான பெட்டியில் வைங்க. முன்பக்கத்தை எதுவும் தொடக்கூடாது. பபிள் ராப்பை ஓவியத்து மேல நேரடியா சுத்தவே கூடாது. சூட்டுல ஒட்டிக்கிட்டு வட்ட வட்டமா தடம் விழும். அது பிளாஸ்டிக் உறைக்கு வெளியே, ஃபிரேமுக்கு மேலதான் வரணும். நாலு மூலைக்கும் காப்பு, சுத்திலும் ரெண்டு இன்ச் ஃபோம், வெளியே பிளைவுட் பெட்டி. மூடியை ஆணி அடிச்சு மூடாம ஸ்க்ரூ போட்டு மூடுங்க. சுத்தியல் அடியிலேயே மக்கு விரிசல் விடலாம். ஒவ்வொரு கட்டத்தையும் தேதியோட போட்டோ எடுங்க.

இந்தச் செலவு யார் தலையில? பெட்டி 2,500, வாடகை 1,800, மேல இன்சூரன்ஸ். நிறைய ஓவியர்கள் ‘ஷிப்பிங் ஃப்ரீ’னு சொல்லி இதைத் தங்கள் லாபத்திலிருந்து விடுறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. பில்லில் தனி வரியா காட்டுங்க. ஜிஎஸ்டி பதிவு இருந்தா, படத்தோட சேர்த்து வசூலிக்கிற பேக்கிங், வாடகை, இன்சூரன்ஸ் எல்லாத்துக்கும் படத்தின் வரி விகிதமே, அதாவது 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்.

பதிவு இல்லாதவங்களுக்கு ஒரு விஷயம். வருஷ விற்பனை 20 லட்சத்துக்குள்ள இருந்தா, கைவினைப் பட்டியலில் வர்ற தஞ்சாவூர் ஓவியத்தை வெளிமாநிலத்துக்குப் பதிவில்லாமலே விக்கலாம். ஆனா பான் வேணும், இ-வே பில்லும் கட்டாயம். 50,000 ரூபாய்க்குக் கீழேன்னா வேண்டாம்ங்கிற சலுகை இங்கே செல்லாது. இதைத்தான் பலரும் கவனிக்கிறதில்லை.

வாங்குறவருக்கு முன்கூட்டியே ஒரு மெசேஜ் போடுங்க: பெட்டி நசுங்கியிருந்தா டெலிவரி ரசீதில் அதை எழுதிட்டுத்தான் கையெழுத்துப் போடணும், பிரிக்கும்போது வீடியோ எடுக்கணும், பெட்டியைத் தூக்கிப் போடக்கூடாது. சேதம்னா இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்னிக்கே தகவல். லாரி நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வ நோட்டீஸ், புக் பண்ண தேதியிலிருந்து 180 நாளுக்குள்ள. அது தவறினா அவங்க மேல வழக்கே போட முடியாது.