கூரம் செப்பேடும் எழுத்தொலி முறையும்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம், கூரத்தாழ்வான் தோன்றிய ஊர் எனப் பலரும் அறிவர். முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துச் செப்பேடு ஒன்றும் அவ்வூர்ப் பெயரால் வழங்குகிறது. அது 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியது. அதன் வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும், தமிழ்ப் பகுதி தமிழெழுத்திலும் பொறிக்கப் பெற்றுள்ளன. தமிழ்ப் பகுதியிலும் வடசொற்கள் கிரந்தத்தில் இடையிடையே வரும். எழுத்து ஒலியைக் காட்டும் முறைமையை ஆராய்வார்க்கு இது நல்லதோர் இடமாகும்.

‘மங்கலம்’ என்னும் சொல்லை நோக்குக. கிரந்தத்தில் அதன் ககரத்திற்குத் தனி எழுத்து உண்டு. தமிழிலோ ‘கல்’ என்பதன் ககரமே ஈண்டும் வரும். மெல்லினத்தை அடுத்து நிற்றலின் ஒலி தானே மெலிகிறது. இதனைக் குறை என்பார் உளர், அது பொருந்தாது. இடம் உணர்த்துவதை எழுத்தும் உணர்த்த வேண்டுவதில்லை. ஆயின் ‘கங்கை’ போன்ற சொற்களின் முதலெழுத்தில் இவ்விதி உதவாது.

உண்மையான இடர்ப்பாடு உயிரெழுத்தில் உள்ளது. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் விதி. பண்டைக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் அப்புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. ஆகவே ‘எரி’, ‘ஏரி’ இரண்டும் ஒரே வடிவின. இன்று நாம் காணும் நெடில் அடையாளம் வீரமாமுனிவர் (1680–1747) செய்த திருத்தத்தின் பயன். தொல்காப்பியர் குறிலுக்கு அடையாளம் வைத்தார். முனிவர் நெடிலுக்கு வைத்தார் என்பது சுவையான முரண்.

எழுதாததை ஓதுவார் நிரப்பிக் கொள்வது பிற மொழிகளிலும் உண்டு. அரபு, எபிரேய மொழிகளில் குற்றுயிர்கள் பொதுவாக எழுதப்படுவதில்லை. ஆங்கிலத்தில் ‘ரீட்’ என்னும் நிகழ்காலமும் ‘ரெட்’ என்னும் இறந்தகாலமும் ஒரே எழுத்துக் கூட்டின. கூரம் செப்பேடே, மண்டபத்தில் பாரதம் வாசிப்பார்க்குப் பங்கு வகுத்துள்ளது. வாய்வழிப் பயிற்சி உள்ளவர்க்கு இவ்வெழுத்து முறை இடர் தந்திராது.

இடர் நமக்கே. ஹுல்ஷ் 1890இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி தொடங்கி, அச்சிட்ட பாடங்களில் குறிலும் நெடிலும் ஐயமின்றிப் பிரிந்து நிற்கின்றன. அப்பிரிவு பதிப்பாசிரியர் துணிபேயன்றிப் பொறித்தவன் எழுதியதன்று. பரமேச்சுர தடாகத்தையும், பாலாற்றினின்று அதற்கு நீர் கொணரும் பெரும்பிடுகு என்னும் காலையும் கூறும் ஓர் ஏட்டில், ‘எரி’ என எழுதினும் ‘ஏரி’ என்றே படிப்போம். பொருள் துணை நிற்கும். வழக்கொழிந்த ஊர்ப்பெயர்களுக்கு அத்துணை இல்லை. ‘கொடு’, ‘கோடு’ என்னும் இரண்டனுள் எது என்பதை அச்சுப் பாடத்தைக் கொண்டு துணிதல் ஆகாது. மைப்படியைக் கண்டு, பிற சாசனங்களில் அவ்வூர் வருமிடங்களையும் ஒப்புநோக்கிய பின்னரே சொல்லாராய்ச்சியில் இறங்குதல் வேண்டும்.