கோரஸில் தொடங்கிய குரல்: எல்.ஆர். ஈஸ்வரியின் மறுவருகை

எல்.ஆர். ஈஸ்வரி ‘ஒஸ்தி’ படத்துக்காகப் பாடிய ‘கலாசலா’ 2011-ஆம் ஆண்டின் கடைசியில் தமிழ்நாடு முழுக்க ஒலித்தது. படம் வெளியான டிசம்பரில் அவருக்கு 72 வயது. புதுப் படங்களில் அவர் குரல் அரிதாகிப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா, ஷேர் ஆட்டோ என்று அந்தப் பாட்டு நுழையாத இடமில்லை. துள்ளல் இசையில் மூத்த பாடகி ஒருவர் திரும்பி வந்ததற்குத் தமிழில் இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது.

மேலை நாடுகளில் இத்தகைய மறுவருகைக்கு முதலில் சொல்லப்படும் பெயர் டினா டர்னர். அவர் பிறந்தது 1939 நவம்பர் கடைசியில். ஈஸ்வரி சென்னையில் பிறந்தது அதே ஆண்டு டிசம்பரில். கணவர் ஐக் டர்னருடன் பாடிப் புகழ்பெற்ற டினா, 1978-இல் விவாகரத்துக்குப் பிறகு ஹோட்டல் மேடைகளில் பாடிக் காலம் தள்ளினார். 1984-இல் ‘பிரைவேட் டான்சர்’ ஆல்பம் வந்தது. சின்தசைசரும் எலெக்ட்ரிக் கிடாரும் சேர்ந்த பாப்-ராக் இசைக்கு நடுவே அவருடைய கரகரத்த குரல் தனித்து நின்றது. அதிலிருந்த ஒரு பாடல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. மறு ஆண்டு அவருக்கு மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன. அட்டையில் அவர் முகம், அவர் பெயர், அவருக்காகவே சேர்த்த பாடல்கள் என்று அந்த ஆல்பம் முழுக்க அவருடையது. ஈஸ்வரிக்குத் திரையிசை இப்படி ஓர் இடத்தைக் கொடுக்கவே இல்லை. ஏன் என்பதை அவருடைய தொடக்கத்திலிருந்துதான் பார்க்க வேண்டும்.

ஈஸ்வரியின் தாய் ஜெமினி ஸ்டுடியோவில் கோரஸ் பாடியவர். இன்றைய அண்ணா மேம்பாலத்தைச் சென்னைக்காரர்கள் இன்னும் ஜெமினி மேம்பாலம் என்று சொல்வது அந்த ஸ்டுடியோவை வைத்துத்தான். தாயோடு ஒலிப்பதிவுக்குப் போன மகளும் கோரஸில் சேர்ந்தார். கே.வி. மகாதேவன் இசையமைத்த ‘நல்ல இடத்து சம்பந்தம்’ (1958) அவரைத் தனிப் பாடகியாக்கியது. இயற்பெயரில் ராஜேஸ்வரி உண்டு, பாடகி எம்.எஸ். ராஜேஸ்வரி ஏற்கெனவே பிரபலமாக இருந்ததால் இவர் எல்.ஆர். ஈஸ்வரி ஆனார். 1961-இல் ‘பாசமலர்’ படத்தில் விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில் பாடிய ‘வாராயென் தோழி’ கல்யாண வீடுகளின் பாட்டாகவே ஆகிவிட்டது.

அறுபதுகளில் எம்.எஸ். விஸ்வநாதனின் இசைக்குழுவில் வயலினுக்கும் தபலாவுக்கும் பக்கத்தில் டிரம்ஸ், அக்கார்டியன், எலெக்ட்ரிக் கிடார், டிரம்பெட் எல்லாம் இடம்பிடித்தன. டிரம்ஸில் நோயல் கிராண்ட், அக்கார்டியனில் மங்களமூர்த்தி போன்றவர்கள் ராக் அண்ட் ரோல், ட்விஸ்ட், லத்தீன் தாளங்களைக் கோடம்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் தாளங்களுக்கு மேல் சறுக்காமல் நிற்கும் குரல் வேண்டியிருந்தது. ஈஸ்வரியின் குரல் ஸ்வரத்தில் நேராகப் போய் நிற்கும். சொல்லின் வல்லினத்தைத் தாள அடியோடு சேர்த்துத் தட்டும். நடுவே சிரிப்பு, பெருமூச்சு, அதட்டல், ஹம்மிங் எல்லாம் வரும், சுருதி மட்டும் நகராது. வீணைக் கலைஞனின் கதையைச் சொன்ன ஸ்ரீதரின் ‘கலைக்கோவில்’ (1964) படத்திலேயே ‘வரவேண்டும் ஒரு பொழுது’ என்ற மேற்கத்திய பாணிப் பாட்டு அவருக்குக் கிடைத்தது. ‘வல்லவன் ஒருவன்’ (1966) படத்தில் வேதாவின் இசையில் பாடிய ‘பளிங்கினால் ஒரு மாளிகை’ அந்தக் கால கிளப் பாடலுக்கே இலக்கணமாக நிற்கிறது.

அன்றைய ஒலிப்பதிவு முறையையும் இங்கே சொல்ல வேண்டும். இசைக்குழு முழுவதும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசிக்கும். பாடகி மைக் முன் நின்று அவர்களோடு சேர்ந்தே பாடுவார். கடைசி வரியில் யாராவது ஒருவர் பிசகினாலும் முதலிலிருந்து இன்னொரு டேக். ‘சிவந்த மண்’ (1969) படத்தின் ‘பட்டத்து ராணி’யை இதை மனத்தில் வைத்துக் கேட்டால் அதன் அருமை விளங்கும். திரையில் காஞ்சனா ஆட, சவுக்கடி தாளத்தோடு விழுகிறது. அடி விழும் கணத்தில் குரலில் வலி தெரிய வேண்டும். அடுத்த கணத்தில் அது கொஞ்சலாக மாற வேண்டும். பெரிய வாத்தியக் கூட்டத்துக்கு மேலே சொல்லும் தெளிவாகக் கேட்க வேண்டும். வெட்டி ஒட்டும் வசதி இல்லாத காலத்தில் இதைச் செய்த பாடகியை வெறும் கவர்ச்சிக் குரல் என்று ஒதுக்கியது பெரிய அநியாயம்.

ஆனால் ஒதுக்கத்தான் செய்தார்கள். கதாநாயகிக்கு பி. சுசீலா, கிளப்பில் ஆடுபவளுக்கும் நாயகனை மயக்க வருபவளுக்கும் ஈஸ்வரி என்று ஒரு பங்கீடு எழுதப்படாத சட்டம்போல் நடந்துவந்தது. ‘பணமா பாசமா’ (1968) படத்தின் ‘எலந்தப்பழம்’ பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தும் அந்த முத்திரை அழியவில்லை. கே. பாலசந்தரின் ‘வெள்ளி விழா’ (1972) ஒரு விதிவிலக்கு. வி. குமாரின் இசையில் ‘காதோடுதான் நான் பாடுவேன்’ பாடலை, பெயருக்கு ஏற்றபடி, கிசுகிசுப்புக்குச் சற்று மேலான குரலில் பாடினார். இப்படியும் பாடத் தெரிந்தவருக்கு இந்த வகைப் பாட்டு ஏன் இவ்வளவு குறைவாகக் கொடுக்கப்பட்டது என்று அதைக் கேட்கும் எவருக்கும் தோன்றும்.

எழுபதுகளின் பிற்பாதியில் ரசனையும் சந்தையும் மாறின. 1976-இல் ‘அன்னக்கிளி’யோடு இளையராஜா வந்தார், எஸ். ஜானகியின் குரல் முன்னுக்கு வந்தது. நாயகிக்கு ஒரு குரல், நடனக்காரிக்கு ஒரு குரல் என்ற பழைய பங்கீடு தளர்ந்தது. ‘சகலகலா வல்லவன்’ (1982) படத்தில் சில்க் ஸ்மிதா ஆடும் பாட்டைக்கூட ஜானகியே எஸ்.பி. பாலசுப்ரமணியத்தோடு பாடினார். ஈஸ்வரிக்கென்று ஒதுக்கியிருந்த ஒரே இடமும் போயிற்று. அவர் குரல் தேய்ந்ததால் வந்த இடைவெளி அல்ல அது.

அந்தக் குரல் தேயவில்லை என்பதற்கு ஒவ்வோர் ஆடி மாதமும் சாட்சி. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த ஈஸ்வரி பாடிய ‘செல்லாத்தா’, ‘கற்பூர நாயகியே’ முதலிய அம்மன் பாடல்கள் இசைத்தட்டிலிருந்து கேசட்டுக்கும் கேசட்டிலிருந்து சி.டி.க்கும் மாறிக்கொண்டே வந்தன. மயிலாப்பூர் முண்டகக்கண்ணி அம்மன் கோயில் தெருவானாலும் அடையாற்றின் குடிசைப் பகுதியில் வேப்பிலை கட்டிய சின்னக் கோயிலானாலும், கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமையில் குழாய் ஒலிபெருக்கியில் கேட்பது பெரும்பாலும் அவர் குரல்தான். சினிமா கூப்பிடாத காலத்தில் பிறந்த பிள்ளைகளும் அதைக் கேட்டே வளர்ந்தார்கள். கதாபாத்திரம் எதற்கும் இரவல் கொடுக்காமல் ஈஸ்வரி தன் பெயரிலேயே பாடியவை இந்தப் பாடல்கள். தனி ஆல்பத்துக்கு மிக நெருங்கியவை அவையே.

சினிமாவுக்கு வெளியே பாப் இசை இந்த நகரத்தில் இல்லாமலும் இல்லை. ஜெமினியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த சஃபையர் தியேட்டர் வளாகத்தின் ‘நைன் ஜெம்ஸ்’ கிளப்பில்தான், 1969-இல் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான உஷா உதுப் பட்டுப்புடவை கட்டி ஆங்கிலப் பாட்டுகள் பாடத் தொடங்கினார். ஆனால் அவருக்குத் தொடர்ந்து மேடை கொடுத்த ஊர் கல்கத்தா. தமிழில் பாப் பாட்டு சினிமாவுக்குள்ளேயே அடங்கிவிட்டது. இசை நிறுவனங்கள் படப் பாடல்களையே நம்பின. படத்தில் சூழ்நிலை இருந்தால்தான் பாடகிக்குப் பாட்டு. மும்பையில் கதை சற்று வேறு. ஆஷா போஸ்லே 1995-இல் ஏ.ஆர். ரகுமானின் ‘ரங்கீலா’ மூலம் இளைஞர்களிடம் மீண்டும் போய்ச் சேர்ந்தார். இரண்டு ஆண்டு கழித்து, 60 வயதைத் தாண்டிய பிறகு, லெஸ்லி லூயிஸுடன் ‘ஜானம் சமஜா கரோ’ என்ற பாப் ஆல்பத்தை வெளியிட்டார். ஈஸ்வரியிடம் இப்படி ஒரு திட்டத்தோடு போக எந்த நிறுவனமும் முன்வராதது தமிழ் இசைக்குத்தான் நட்டம்.

கடைசியில் அவரை அழைத்தது சினிமாதான். ‘தபாங்’ இந்திப் படத்தைத் தரணி ‘ஒஸ்தி’யாக எடுத்தபோது இசையமைத்தவர் எஸ். தமன். ‘பாய்ஸ்’ (2003) படத்தில் இளைஞர் இசைக்குழுவின் டிரம்ஸ் கலைஞராக நடித்தவர். நிஜத்திலும் டிரம்ஸ் வாசித்து வளர்ந்தவர். மல்லிகா ஷெராவத் ஆடும் குத்துப் பாட்டுக்கு இளம் பாடகி ஒருவரைத் தேடாமல் ஈஸ்வரியைப் பாடவைத்தார்கள். கூடவே நாயகன் சிலம்பரசனின் தந்தை டி. ராஜேந்தர். வரிகள் வாலி, ஈஸ்வரியின் உச்ச காலத்திலிருந்தே எழுதிக்கொண்டிருந்தவர். இப்போது கூடத்தில் இசைக்குழு இல்லை. ஹெட்போனில் ஒலிக்கும் ட்ராக்குக்குத் தனியாகப் பாடி, தேவையானதைத் துண்டு துண்டாகப் பதிவுசெய்யும் காலம். குரல் சற்றுத் தடித்திருந்தது. ஆனால் வல்லினத்தைத் தாளத்தில் அடிக்கும் பழைய பழக்கம் அப்படியே இருந்தது. டி. ராஜேந்தரின் உரத்த குரலுக்கும் கணினித் தாளத்துக்கும் நடுவே அவர் சொல் ஒன்றுகூட அமுங்கவில்லை. நாற்பது ஆண்டு கழித்தும் அவருக்குக் கிடைத்தது ஐட்டம் பாட்டுதான் என்பது உண்மை. அதே சமயம், இந்த முறை ஆடியவருக்கு இணையாகப் பாடியவரின் பெயரும் பேசப்பட்டது. பழைய கிளப் பாடல்களின் காலத்தில் அது நடக்கவில்லை.

அடுத்த ஆண்டே ‘தடையறத் தாக்க’ படத்தில் தமன் அவரை மீண்டும் பாடவைத்தார். 2020 தீபாவளிக்கு ஓ.டி.டி.யில் வெளியான ‘மூக்குத்தி அம்மன்’ படத்தில் கிரிஷ் கோபாலகிருஷ்ணனின் இசையில் ‘ஆடிக் குத்து’ பாடினார். அம்மன் பாட்டும் திரைத் துள்ளலும் ஒரே பாட்டில் சேர்ந்த அந்த ஒலிப்பதிவின்போது அவர் 81-ஐ நெருங்கிக்கொண்டிருந்தார்.