கடனோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்சூரன்ஸ்!
ஏமாந்த பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி?

கடன் வாங்கப் போகிறவர், இன்சூரன்சும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார். ஆனால், இன்சூரன்ஸ் வாங்கிய விஷயம் அவருக்கே தெரியாது!

இது கதை அல்ல. நாட்டின் பல பகுதிகளில் இருந்து வரும் புகார். 2024 நவம்பரில் மும்பையில் நடந்த பாங்கி மாநாட்டில் மத்திய நிதி மந்திரி நிர்மலா சீதாராமனே இதைக் குறிப்பிட்டார். "தவறான முறையில் இன்சூரன்சை விற்றால், கடன் வாங்குகிறவரின் செலவுதான் கூடும்" என்ற கருத்தை அவர் எடுத்துச் சொன்னார்.

ராமநாதபுரம் கடற்கரை மக்கள் இதை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தொண்டி என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் வீட்டுக் கடன், படகுக் கடன், வலைக் கடன் உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் வருமானம் நின்றுவிடும். தவணை மட்டும் நிற்காது. அந்தத் தவணையில் கேட்காத இன்சூரன்சும் சேர்ந்தால்?

கணக்கைப் பாருங்கள்!

ஒருவர் 5 லட்சம் ரூபாய் கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் கிடைப்பது ரூ.4 லட்சத்து 80 ஆயிரம். மீதி 20 ஆயிரம், இன்சூரன்ஸ் பிரீமியமாகப் பிடிக்கப்படுகிறது. ஆனால், கடன் கணக்கில் 5 லட்சம் என்றே எழுதப்படும்.

அதாவது, பிரீமியத்துக்கும் வட்டி! ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, 5 ஆண்டுத் தவணை என்றால், இந்த 20 ஆயிரத்துக்கு மட்டும் மாதம் ரூ.445 கட்ட வேண்டும். முடிவில் சுமார் ரூ.26 ஆயிரத்து 700 போயிருக்கும்.

இன்சூரன்ஸ் கெட்டதா?

இல்லை. 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டதை இந்தக் கரை மறக்காது. கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் தேவை. கடன் வாங்கியவர் இறந்துவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி கடனை அடைக்கும். வீடு மனைவி மக்களுக்கு மிஞ்சும்.

விற்கும் முறைதான் சில இடங்களில் கெட்டது. அது 3 விதமாக நடக்கிறது.

ஒன்று: சொல்லாமலே சேர்ப்பது, அல்லது "இன்சூரன்ஸ் எடுத்தால்தான் கடன்" என்று மிரட்டுவது.

இரண்டு: பொருந்தாததை விற்பது. வேலை போனால் தவணை கட்டும் இன்சூரன்ஸ் பொதுவாக மாதச் சம்பளக்காரருக்குத்தான் பயன்படும். சொந்தப் படகில் மீன் பிடிக்கிறவருக்கு அதனால் என்ன லாபம்?

மூன்று: "டெபாசிட்" என்று சொல்லி, பல ஆண்டுகள் பணம் கட்ட வேண்டிய பாலிசியைத் தலையில் கட்டுவது.

பாங்கி இன்சூரன்ஸ் விற்பதற்கு அனுமதி உண்டு. விற்றால் கமிஷன் கிடைக்கும். ஆனால், இன்சூரன்ஸ் எடுப்பது வாடிக்கையாளரின் விருப்பம் மட்டுமே. கடனுக்கும் அதற்கும் முடிச்சுப் போடக் கூடாது என்பது ரிசர்வ் பாங்கியின் விதி.

இங்கிலாந்தில் நடந்தது

இதே போன்ற விற்பனை இங்கிலாந்தில் மிகப் பெரிய அளவில் நடந்தது. வீட்டுக் கடன், கைக் கடன், கிரெடிட் கார்டு என்று எல்லாவற்றோடும் "தவணைப் பாதுகாப்பு இன்சூரன்ஸ்" விற்றார்கள். சொந்தத் தொழில் செய்கிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஏற்கனவே நோய் உள்ளவர்கள் தலையிலும் கட்டினார்கள். ஆபத்து வந்தபோது பலருக்குப் பணம் கிடைக்கவில்லை.

மக்கள் புகார் செய்தார்கள். பாங்கிகள் கோர்ட்டுக்குப் போயின. 2011 ஏப்ரலில் பாங்கிகள் தோற்றன. அதன் பிறகு திருப்பிக் கொடுத்த பணம் 3,800 கோடி பவுனுக்கு மேல்! மனுக் கொடுக்கக் கடைசி நாள் 2019 ஆகஸ்டு 29.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. செலவில்லாமல் தாங்களே மனுச் செய்திருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. இடைத்தரகர்கள் புகுந்து, கிடைத்த பணத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டார்கள்.

இங்கே என்ன செய்ய வேண்டும்?

முதலில் பாஸ் புத்தகத்தையும், கடன் கணக்கு விவரத்தையும் பாருங்கள். பிரீமியம் என்று ஏதாவது பிடித்திருக்கிறதா? படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஓர் ஆண்டோ, அதற்கு மேலோ காலம் உள்ள ஆயுள் பாலிசி என்றால், அது கைக்கு வந்த நாளில் இருந்து 30 நாளுக்குள் "வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்கலாம். முன்பு இது பொதுவாக 15 நாளாக இருந்தது. 2024-ல் 30 நாளாக ஆக்கப்பட்டது. முத்திரைச் செலவு, டாக்டர் பரிசோதனைச் செலவு, பாதுகாப்பு இருந்த நாட்களுக்கு உரிய தொகை ஆகியவை போக, மீதிப் பணம் திரும்ப வரும்.

30 நாள் கடந்துவிட்டதா? அப்போதும் வழி உண்டு. பாங்கிக்கும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் புகார் எழுதுங்கள். என்ன சொல்லி விற்றார்கள், எவ்வளவு பிடித்தார்கள், எப்போது தெரியவந்தது என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். நகல் ஒன்றில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்பினால் ரசீது பத்திரம். வாயால் சொன்ன புகார் காற்றோடு போய்விடும்.

ஒரு மாதம் பதில் இல்லையா? அல்லது வந்த பதில் திருப்தி இல்லையா? இன்சூரன்ஸ் குறைதீர்ப்பு அதிகாரி இருக்கிறார். தமிழ்நாட்டுக்கு அவருடைய ஆபீஸ் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. வக்கீல் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. கம்பெனி மறுத்த நாளில் இருந்து ஓர் ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். ராமேசுவரத்தில் இருந்து சென்னைக்கு ஓடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தபாலில் மனு அனுப்பலாம். வீடியோ மூலம் விசாரிக்கவும் 2021-ல் வழி செய்யப்பட்டது.

அதற்குப் பதிலாக, ராமநாதபுரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாம். கெடு 2 ஆண்டு. கோர்ட்டில் வழக்கு நடக்கும்போது அதே புகாரை குறைதீர்ப்பு அதிகாரியிடம் கொண்டுபோக முடியாது.

ஏதாவது சந்தேகம் இருந்தால், இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தை 155255 என்ற எண்ணில் கட்டணம் இல்லாமல் கேட்கலாம்.

பெண்கள் கவனத்துக்கு!

கேட்காத இன்சூரன்சால் வரும் நஷ்டம் ஒரு வகை. இருக்கும் இன்சூரன்ஸ் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியாமல் போவது அதைவிடப் பெரிய நஷ்டம். கணவர் இறந்த பிறகும், பாலிசி இருப்பது தெரியாமல் மனைவி தவணை கட்டிக்கொண்டிருக்கக் கூடாது அல்லவா? ஆகவே, கடன் வாங்கும் நாளிலேயே இன்சூரன்ஸ் சான்றிதழைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள்.

விண்ணப்பத்தை வேறொருவர் பூர்த்தி செய்தால், என்ன எழுதினார் என்று கேளுங்கள். சர்க்கரை நோய் இருப்பவருக்கு "இல்லை" என்று எழுதிவிட்டால், பின்னால் பணம் மறுக்கப்படலாம். 3 ஆண்டு கடந்த ஆயுள் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்பது சட்டம். அந்த 3 ஆண்டுக்குள்தான் ஆபத்து.

கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்றால், 7 ஆண்டு தகவல் இல்லாத பிறகே அவர் இறந்ததாகச் சட்டம் கருதும். காணாமல் போன நாளிலேயே இறந்ததாக அது கருதாது. 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எனவே, ஆண்டுதோறும் பிரீமியம் கட்டும் பாலிசியாக இருந்தால், அந்தத் துயரத்திலும் பிரீமியத்தை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் பாலிசி காலாவதி ஆகிவிடும்.

கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பு இரண்டே கேள்வி கேளுங்கள். "இதில் இன்சூரன்ஸ் சேர்ந்திருக்கிறதா? அது எனக்கு எப்போது பணம் தரும்?"

பதில் வரும் வரை பேனாவைத் தொடவேண்டாம்!